ஆழ்கடல் மீனும் அதன் காற்றுப்பையும்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. ஆயினும் லயத்து அடுப்படியில் இடிபடும் மாசிச் சம்பலின் வழியாக அது அடிக்கடி நம்மை வந்தடைகின்றது. மாசிக்கருவாட்டுக்குரிய, சிங்களத்தில் ‘பலயா’ எனப்படும் சூரை மீனுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எலும்பு மீன்கள் பலவற்றின் முதுகெலும்புக்குக் கீழே அமைந்துள்ள காற்றுப்பை இதற்கு இல்லை. நீந்துவதை நிறுத்தினால் அமிழ்ந்துவிடுமாதலால் இம்மீன் ஓயாது நீந்துகின்றது. காற்றுப்பையுடைய மீனோ அதிக முயற்சியின்றி நீரில் மிதந்து நிற்கவல்லது.

இப்பை ஆழ்கடலில் எவ்வாறு பயன்படுகின்றது? பதுளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதே அளவு கடலுக்குள் இறங்குவதாக எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுமாதலின், அங்கே அமுக்கம் ஏறத்தாழ 69 மடங்காகும். உடலில் ஒளிப்பொட்டுகளையுடைய விளக்கு மீன்கள் பல, பகலிற் பலநூறு மீற்றர் ஆழத்தில் ஒளிந்திருந்து, இரவில் இரைதேடி மேலே வருகின்றன. 400 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு ஏறும் மீனின் பையிலுள்ள வாயு, தடையின்றி விரியுமாயின் பதின்மூன்று மடங்குக்கு மேற் பெருகும். மீண்டும் இறங்கும்போது அதனை நிரப்ப, குருதியிலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்தல் வேண்டும். இச்செலவைத் தவிர்க்கவே போலும், சில இனங்கள் முதிர்ந்தபின் பையில் வாயுவுக்குப் பதிலாகக் கொழுப்பைக் கொண்டுள்ளன. 1000 மீற்றருக்குக் கீழே நடுநீரில் வாழும் மீன்கள் பலவற்றுக்குக் காற்றுப்பையே இல்லை.

இனி ஒலியைக் கவனிப்போம். நமுனுகுல மலைச்சாரலில் உரக்கக் கூவினால் பாறை நம் குரலைத் திருப்பி அனுப்புகின்றது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் விரைவிற் செல்லும். மீனின் தசை நீரையே பெரிதும் ஒத்ததாதலால் ஒலி அதனை ஊடுருவிச் செல்லும். வாயுவோ முற்றிலும் வேறானது. ஆகவே மீனிலிருந்து திரும்பும் எதிரொலியிற் பெரும்பகுதி காற்றுப்பையினின்றே எழுகின்றது. ஒலியை எழுப்பி எதிரொலியால் இரையைத் தேடும் ஓங்கிலுக்கு அது வழிகாட்டியாகின்றது. மீனை மிதக்கச் செய்யும் பையே அதனைப் பகைக்குக் காட்டியும் கொடுக்கின்றது!

மனிதனுக்கும் இப்பை செய்தி சொல்லியது. 1942 இல் கலிபோர்ணியாக் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையினருக்காக ஒலியை ஆராய்ந்தோர், உண்மையான அடித்தளத்துக்கு வெகு மேலே ‘பொய்த்தளம்’ ஒன்றைக் கண்டனர். அது மாலையில் உயர்ந்து காலையில் தாழ்வதை 1945 இல் மார்ட்டின் ஜோன்சன் என்னும் அறிஞர் காட்டினார். அது நிலமன்று, உயிர்க்கூட்டமே என்பது தெளிவாயிற்று.

இலங்கைக் கடலிலும் நோர்வேயின் ‘டொக்டர் ஃபிரிட்யொவ் நான்சன்’ என்னும் கப்பல் 1978 முதல் 1980 வரையிலும், அப்பெயர் தாங்கிய புதிய கப்பல் 2018 இலும் எதிரொலிக் கருவிகொண்டு மீன்வளத்தை ஆராய்ந்தன. ஆனால் எதிரொலியின் அளவு மீனின் அளவாகாது. கொழுப்புப் பையுடைய மீன் கணக்கிற் குறைந்து தோன்றும்; சிறு வாயுக்குமிழியுடைய சொறிமீன் போன்ற உயிர்களோ மிகுந்து தோன்றும். உலகின் நடுவாழ மீன்களின் நிறை ஏறத்தாழ 100 கோடித் தொன் என 1980 இல் மதிப்பிடப்பட்டது. 2014 இல் வெளியான ஆய்வொன்று அதனினும் பத்து மடங்கு இருக்கலாம் என்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவிலான வழக்கன்று. அச்சிறு மீன்கள் சூரை முதலிய பெருமீன்களுக்கு இரையாவன. மிகையான கணக்கை நம்பி அவற்றை அள்ளத் தொடங்கினால், குறைவு பின்னர் மலைநாட்டு அடுப்படியிலும் தெரியவரும். கடலின் எதிரொலியைக் கேட்போர் அதை எழுப்பிய உயிர் யாதென அறிந்தபின்னரே வலையை வீசுதல் முறையாகும்.