கவனம் வேறெங்கோ, உழைப்பு உடம்பில்

உடற்பயிற்சியைப் பாதியில் கைவிடுகிறவர்கள் அதன் நன்மை தெரியாமல் விடுவதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பலருக்கும் தெரியும். மூச்சிரைப்பும் தசைவலியும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பும்தான் அவர்களை நிறுத்திவிடுகின்றன. கண்களை மறைக்கும் ஹெட்செட்டுக்குள் தெரியும் மெய்நிகர் உலகில் குத்துச்சண்டை போட்டோ வாள் வீசியோ செய்யும் பயிற்சி இந்த இடத்தில் உதவுகிறது. தசைக்கு அது புதிதாக எதையும் தருவதில்லை. கவனத்தை வலியிலிருந்து வேறு பக்கம் இழுக்கிறது. அதனால் விளம்பரங்களில் துள்ளும் இளைஞர்களைவிட, வலியும் பயமும் முடக்கிவைத்திருக்கும் நோயாளிகளுக்கும் முதியவர்களுக்குமே இது அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

வலுவான சான்று தீக்காயச் சிகிச்சையிலிருந்து வந்தது. தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி மூட்டு இறுகும். அதைத் தடுக்கக் கை கால்களை நீட்டி மடக்கியே ஆக வேண்டும். அந்த அசைவோ பொறுக்க முடியாத வேதனை. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பாட்டர்சனும் 1990களிலிருந்து இதற்கு ஒரு வழி தேடினார்கள். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனி உருண்டை எறியும் 'ஸ்னோ வேர்ல்டு' என்ற மெய்நிகர் விளையாட்டு அப்படி உருவானது. மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது வலி வெகுவாகக் குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான தன்னார்வலர்களின் பாதத்தில் சூடு வைத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். விளையாட்டில் மூழ்கியிருந்த நேரத்தில் வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடே தணிந்திருந்தது. ஆக, நோயாளிகள் சொன்னது மருத்துவரைத் திருப்திப்படுத்தச் சொன்ன வார்த்தை இல்லை.

வலிக்குப் பொருந்துவது களைப்புக்கும் பொருந்துகிறது. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 80 பேரை, தங்களால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் கையில் பிடித்தபடி முடிந்தவரை நிற்கச் சொன்னார்கள். பாதிப்பேர் ஹெட்செட் வழியே அதே அறையையும் அதே எடை தாங்கிய ஒரு கையையும் பார்த்தார்கள். அவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு நிமிடம் கூடுதலாகத் தாங்கினார்கள். தசை இரு தரப்புக்கும் ஒன்றுதான். அது அனுப்பும் செய்தியை மூளை எடுத்துக்கொள்ளும் விதம்தான் மாறியது.

மனதுக்கான பலனும் கவனத்தின் வழியாகவே வருகிறது. நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களில் ஒரு பிரிவினர் சாதாரண நிலைச் சைக்கிளையும், இன்னொரு பிரிவினர் திரையில் விரியும் பாதையில் போட்டியிட்டு ஓட்டும் சைக்கிளையும் மூன்று மாதம் மிதித்தார்கள். உடலுழைப்பு ஏறக்குறைய சமம். ஆனால் திட்டமிடுதல், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல் போன்ற திறன்களில் இரண்டாம் பிரிவினரே அதிகம் முன்னேறினார்கள். 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. ஐந்து நாடுகளில், அடிக்கடி கீழே விழும் முதியவர்கள் ஆறு வாரம் டிரெட்மில்லில் நடந்தார்கள். சிலருக்கு எதிரே திரையில் தடைகள் வரும். அவற்றைத் தாண்டிக் காலெடுத்து வைக்க வேண்டும். வெறுமனே நடந்தவர்களைவிட இவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் குறைவாகவே விழுந்தார்கள். வயதானவர் விழுவது கால் பலவீனத்தால் மட்டுமில்லை. நடந்துகொண்டே யோசிக்க வேண்டிய நேரத்தில் தடுமாறுவதாலும்தான். இந்த இரண்டு ஆய்வுகளிலும் ஹெட்செட்டே கிடையாது, வெறும் திரைதான். கருவியின் விலையைவிட, உடலையும் சிந்தனையையும் அது ஒன்றாக வேலை வாங்குகிறதா என்பதே பெரிது.

மறுப்புகளும் உண்டு. வலியை மறைப்பது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. மெய்நிகர் விளையாட்டுகளின் உழைப்பை அளந்த சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், ஆடியவர்கள் தாங்கள் பட்ட சிரமத்தை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். ஆகவே இதய நோய் உள்ளவர் தன் களைப்பை நம்பி அளவு வைக்கக் கூடாது. நாடித் துடிப்பைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். தலைசுற்றலும் உண்மை. உடல் நிற்கும்போது கண்முன் காட்சி ஓடினால், கண்ணும் உட்காதின் சமநிலை உறுப்பும் முரண்படுகின்றன. பிராகில் உருவான 'பீட் சேபர்' போல, நின்ற இடத்திலேயே கைவீசி ஆடும் விளையாட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு.

புதுமை தீர்ந்ததும் ஆர்வம் போய்விடும் என்பது இன்னும் கடினமான மறுப்பு. வெளியே நடந்தபடி கைபேசியில் ஆடும் 'போக்கிமான் கோ' வந்த 2016இல் அமெரிக்காவில் அதை ஆடியவர்கள் முதல் வாரம் தினமும் ஏறக்குறைய ஆயிரம் காலடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் கூடுதல் மறைந்துபோனது. நன்றாக நடக்க முடிந்தவருக்கு மாலை நேரத்துப் பூங்காவே போதும் என்று நானும் சொல்வேன். ஆனால் தீக்காய நோயாளிக்கும் பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்கும் கடினமான சில வாரங்களைக் கடப்பதே பெரிய காரியம். அதற்குள் ஆர்வம் தாக்குப்பிடித்தால் போதும். பக்கவாதச் சிகிச்சை பற்றிய 72 பரிசோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, கையின் செயல்பாட்டை மீட்பதில் வழக்கமான சிகிச்சையைவிட மெய்நிகர் பயிற்சி மேலானது இல்லை என்றது; வழக்கமான சிகிச்சைக்கு மேல் கூடுதலாகத் தந்தபோது பலன் தெரிந்தது. கூடுதல் பயிற்சி நேரம்தான் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஹெட்செட் வந்துவிட்டது என்று பிசியோதெரபிஸ்ட் பணியிடத்தைக் குறைக்கும் மருத்துவமனை, அந்த மதிப்பாய்வு காட்டியதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது.