கறுத்த வட்டங்கள்: இயந்திரம் பார்க்கும் விடைத்தாள் குறித்து

பிளஸ் டூ தாள் திருத்தும் முகாம்களில் பல வருசம் உட்கார்ந்தவன் நான். விடைத்தாளின் ஓரத்தில் பிள்ளைகள் என்னென்னவோ எழுதி வைப்பார்கள். ஒரு பையன், 'சார், இந்தக் கேள்வியே தப்பு' என்று எழுதிக் காரணமும் சொல்லியிருந்தான். பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. மேலே கொண்டுபோனோம், அந்தக் கேள்வியைத் தொட்ட எல்லோருக்கும் மதிப்பெண் போடச் சொல்லிவிட்டார்கள். தேர்வு என்பது அதிகாரம் செயல்படும் ஒரு சடங்கு என்று ஃபூக்கோவை வைத்து நாமெல்லாம் பேசியாகிவிட்டது. எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சடங்குக்குள்ளும் எதிர்த்துப் பேச ஓர் ஓரம் இருந்தது. இயந்திரத்துக்குப் போகும் தாளில் அது கிடையாது.

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்விமுறையை 1914 வாக்கில் அமெரிக்காவின் கன்சாஸில் ஃபிரெடரிக் கெல்லி கொண்டுவந்தார். திருத்துகிறவரின் விருப்புவெறுப்பு ஒழியவேண்டும் என்பது நோக்கம், நேரமும் மிச்சம். (நோக்கம் கெட்டதல்ல. எங்கள் முகாம்களில் சாப்பாட்டுக்கு முன் விழும் மார்க்கும் பின் விழும் மார்க்கும் ஒன்றல்ல.) இதற்கான இயந்திரத்தைச் செய்தவர் மிச்சிகனில் அறிவியல் வாத்தியாராக இருந்த ரெனால்ட் ஜான்சன். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும், அவ்வளவுதான் சூட்சுமம். ஐபிஎம் அதை வாங்கி 1938இல் '805' என்று சந்தைக்கு விட்டது. பழகிய கை மணிக்கு 800 தாள் போடும். 1950களில் மின்சாரத்தின் இடத்துக்கு ஒளி வந்தது. நமது ஓஎம்ஆர் அதன் வாரிசு.

இயந்திரம் எதையும் வாசிப்பதில்லை. கறுத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஏன் கறுத்தது என்பது அதன் பிரச்சினையே இல்லை.

இந்த 'ஏன்' எவ்வளவு பெரிய விசயம் என்பது 2018 மே மாத நீட் தேர்வில் தெரிந்தது. 24,000க்கும் மேற்பட்டவர்கள் தமிழில் எழுதினார்கள். 49 கேள்விகளில் மொழிபெயர்ப்பு பிழை என்று வழக்குப் போனது. சிறுத்தை வரவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று ஆங்கில ஓசையைத் தமிழெழுத்தில் போட்டிருந்தார்கள். எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கு அது விலங்காகத் தெரியும்? பக்கத்தில் ஆங்கிலமும் இருந்ததே என்றார்கள். ஐயம் வந்தால் ஆங்கிலப் பிரதியே இறுதியானது என்பது விதி. அதாவது தமிழ்க் கேள்வி, கேள்வியின் நிழல்.

ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண்ணைத் தமிழில் எழுதிய அனைவருக்கும் தரச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதே மாதம் தடை போட்டு, நவம்பரில் ரத்தே செய்துவிட்டது. 720க்கு 196 என்பது ரொம்ப அதிகம், எல்லோருக்கும் தருவது அநியாயம் என்று அன்று பேசியவர்களில் என் நண்பர்களும் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வேறு எப்படித் தருவது? யார் எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தார் என்பதற்கு அந்தத் தாளில் சாட்சியம் ஏது? தெரியாமல் கறுத்த வட்டமும், தெரிந்திருந்தும் சொல் குழப்பிக் கறுத்த வட்டமும் ஒரே கறுப்பு. இரண்டுக்கும் ஒரு மதிப்பெண் பிடித்தம். எல்லோருக்கும் அல்லது ஒருவருக்குமில்லை என்ற இக்கட்டை நீதிபதிகள் உண்டாக்கவில்லை, விடைத்தாளின் வடிவம் உண்டாக்கியது.

2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு போட்டார்கள். எனக்குப் பிடித்தது, இதயம் துடிப்பதை ஓடும் படமாகவே காட்டலாம். சங்கடம் அதற்குப் பிறகு. படம் முடிந்ததும் பிள்ளைகள் பயிற்சிச் செயலிக்குத் தாவுகிறார்கள். அங்கே நான்கு விடைகள், பச்சை அல்லது சிவப்பு. 'ஏன் சார் சிவப்பு?' என்று என்னிடம் வந்து கேட்டவள் ஒருத்திதான். மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நீட்டில் இப்போது விடைக்குறிப்பை எதிர்க்க வழி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. இணையத்தில் போய்ச் செய்ய வேண்டும். 2025இல் கேள்விக்கு 200 ரூபாய் கட்டணம், கட்டிய பணம் திரும்பாது.