சதுர அடி விலையைக் கடைசியில் கேளுங்கள்! சேலம் - நாமக்கல் பக்கம் எந்த ஊரில் வீடு வாங்கலாம்?

'பைபாஸிலிருந்து ஐந்தே நிமிடம், வங்கிக்கடன் வசதி உண்டு!' சேலம், நாமக்கல் பக்கம் மனை தேடத் தொடங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் இப்படி விளம்பரங்கள் வந்து குவியும். சென்னையிலும் பெங்களூரிலும் வாடகை கொடுத்துச் சலித்தவர்களும், ஓய்வுபெற்றுச் சொந்த மண்ணுக்குத் திரும்ப நினைப்பவர்களும் முதலில் கேட்பது, 'சதுர அடி என்ன விலை?' என்பதைத்தான். உண்மையில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பி.எஃப். பணம், நகை, சேமிப்பு எல்லாம் ஒரே பத்திரத்தில் போய்விடும். ஊர் ஒத்துவராவிட்டால், போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது எளிதல்ல.

முதல் கேள்வி தண்ணீர்

இந்தச் சமவெளியின் அடியில் இருப்பது கடினப்பாறை. மழைநீர் பாறை இடுக்குகளில்தான் தங்கும். பக்கத்து வீட்டில் 300 அடியில் தண்ணீர் கிடைத்திருக்கும். உங்கள் மனையில் 1,000 அடி போட்டும் வெறும் புழுதி பறக்கலாம். நாடு முழுக்க ரிக் வண்டிகளை அனுப்பி போர் போடும் திருச்செங்கோடே, குடிநீருக்குக் காவிரியைத்தான் நம்பியிருக்கிறது.

மேட்டூர், குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் ஆகியவை காவிரிக்கரை ஊர்கள். ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்கால் பாய்வதால், வேலூர் வட்டாரத்தில் வாழையும் வெற்றிலையும் செழிக்கின்றன. ஆனால், கரையோரம் என்றால் வேறொரு கவனம் தேவை. மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறந்தபோது, 2018-லும் 2022-லும் குமாரபாளையம், பள்ளிபாளையத்தின் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்தது.

ராசிபுரம், ஆத்தூர் போல ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில், 'குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது?' என்று அந்தத் தெருப் பெண்களிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதத்தில் போய்க் கேட்பது இன்னும் நல்லது.

ஊரின் தொழில்தான் உங்கள் பக்கத்து வீடு

நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும். ஊருக்கு வெளியே மனை மலிவாகக் கிடைத்தால், பக்கத்தில் கோழிப்பண்ணை இருக்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஈத்தொல்லை எப்படி என்றும் விசாரியுங்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம், இடைப்பாடியில் தறிச்சத்தம் இரவிலும் ஓயாது. பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தாலாட்டு, புதிதாக வருபவர்களுக்குத் தலைவலி. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளியை அரைக்கும் சேகோ ஆலைகளின் கழிவுநீர் வாடை வரும். இவற்றுக்காக ஊரையே ஒதுக்க வேண்டியதில்லை, தெருவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

இரவில் நெஞ்சுவலி வந்தால்?

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், மருத்துவமனைக்கான தூரம் விலையைவிட முக்கியம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பள்ளிபாளையத்துக்குப் பாலம் தாண்டினால் ஈரோடு.

பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் ரயிலையும் பாருங்கள். 2013-ல் சேலம் - கரூர் பாதை வந்ததால் ராசிபுரம், நாமக்கல், மோகனூருக்கு ரயில் கிடைத்தது. ஆத்தூர், சேலம் - விருத்தாசலம் பாதையில் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்காரர்கள் ரயிலுக்குச் சங்ககிரிக்கோ ஈரோட்டுக்கோதான் போக வேண்டும்.

பத்திரத்துக்கு முன்...

அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-ம் தேதிக்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு திட்டம் கொண்டுவந்தது. எனவே, டி.டி.சி.பி. அங்கீகாரமோ வரன்முறை உத்தரவோ இல்லாத மனைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று, பட்டா இரண்டையும் ஆன்லைனிலேயே சரிபார்க்கலாம். ஏரி, ஓடைப் புறம்போக்கு கலந்திருக்கிறதா என்று சர்வே எண்ணை வைத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக்கட்டணம் 2 சதவிகிதம். அதாவது, 30 லட்ச ரூபாய்க்குப் பத்திரம் போட்டால் 2,70,000 ரூபாய் தனி. இதையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

இன்னும் மனம் முடிவாகவில்லையா? பிடித்த ஊரில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு தேர்த்திருவிழா... மூன்றையும் பார்த்த பிறகும் ஊர் பிடித்திருந்தால், அதன் பிறகு சதுர அடி விலையைக் கேளுங்கள்.