உப்பு வெளியில் ஒரு வண்டிப் பயணம்

உப்பு எங்கிருந்து வருகிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், "கடலிலிருந்து" என்று உடனே சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனால், கடற்கரையே இல்லாத ஒரு நாட்டில், கேமரன் மலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில், நம் சிலாங்கூர் மாநிலத்தைவிடப் பெரிய ஓர் உப்பு வெளி இருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள பொலிவியா நாட்டில் இருக்கும் அந்த இடத்திற்குச் சலார் டி உயுனி என்று பெயர். பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கடல் மட்டத்திலிருந்து 3,656 மீட்டர் உயரம்.

உலகத்தின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே வந்து, கூட்டாக வண்டி அமர்த்திக்கொண்டு, மூன்று நாள் பயணம் செய்கிறார்கள். இன்று நாமும் இருந்த இடத்திலிருந்தே அந்த வண்டியில் ஏறிக்கொள்வோம்.

பயணம் உயுனி என்ற சிறிய ஊரில் தொடங்குகிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் உறுதியான வண்டி. உள்ளே பயணிகள் ஆறு பேர், ஓட்டுநர் ஒருவர், ஆக ஏழு பேர். கூரைமேல் மூட்டை முடிச்சுகள், எண்ணெய்க் கலன்கள், மாற்றுச் சக்கரங்கள். வழியில் பட்டறை கிடையாது. பெரிய கடைகளும் கிடையாது. பெரும்பாலும் ஓட்டுநரே வழிகாட்டி, அவரே பழுது பார்ப்பவர், சில வண்டிகளில் சமையற்காரரும் அவரே. இருக்கும் தண்ணீரை ஒருவர் வீணாக்கினால் ஏழு பேருக்கும் தட்டுப்பாடு வரும்.

சற்றுத் தூரம் போனதும் கொல்சானி என்ற கிராமம் வருகிறது. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை வெளேரென்று தரை. மரம் இல்லை, புல் இல்லை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை அளந்தாலும், மேடு பள்ளம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். அவ்வளவு சமமான தரை என்பதால், விண்ணில் சுற்றும் செயற்கைக் கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்க அறிவியலாளர் இந்த வெளியைப் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு உப்பு மலைமேல் எப்படி வந்தது? சுற்றிலும் உள்ள மலைகளில் பெய்யும் மழை, பாறைகளில் இருக்கும் உப்புகளைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. நம் நாட்டு ஆறுகள் அப்படிக் கரைத்ததைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. அங்கேயோ நான்கு பக்கமும் மலை. நீர் வெளியேற வழியில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது பெரிய ஏரியாகத் தேங்கி நின்றது. பிறகு மழை குறைந்தது. வெயிலும் காற்றும் நீரைக் குடித்துவிட்டன. உப்பு மட்டும் தங்கிவிட்டது. உப்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். மறுநாள் தட்டில் படியும் வெள்ளைப் பொருக்குதான், அங்கே மீட்டர் கணக்கான கனத்தில் படிந்திருக்கிறது.

பாதையும் கோடும் விளக்கும் இல்லாத அந்த வெளியில், எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று தோன்றும். அதுதான் ஆபத்து. சில இடங்களில் உப்புப் பொருக்கு மெல்லியது. அடியிலிருந்து உப்பு நீர் கொப்பளிக்கும். அந்த மக்கள் அதை உப்பின் 'கண்' என்கிறார்கள். அதில் சக்கரம் இறங்கினால் வண்டி சிக்கிக்கொள்ளும். ஆகவே எல்லாரும் பழகிய சக்கரத் தடங்களிலேயே போகிறார்கள். 2008ஆம் ஆண்டில் இந்தப் பரந்த வெளியில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இடம் எவ்வளவு இருந்தாலும் வேகமும் கவனக்குறைவும் உயிரைக் குடித்துவிடும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார்சைக்கிளை விரட்டும் நம் இளைஞர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் வண்டி தெற்கே திரும்பி மேலே ஏறுகிறது. உப்பு முடிந்து, கல்லும் மணலுமான குளிர்ப் பாலைவனம் தொடங்குகிறது. பாலைவனம் என்றதும் நமக்குச் சூடுதான் நினைவுக்கு வரும். ஆனால் மழை அரிதாகப் பெய்யும் இடமே பாலைவனம், சூடு கட்டாயமில்லை. அங்கே பகல் வெயில் தோலைச் சுடும். இரவானால் தண்ணீர் உறைந்துவிடும்.

4,200 மீட்டருக்கும் மேலே, லகூனா கொலராடா என்ற செந்நிற ஏரி இருக்கிறது. நீரில் வாழும் நுண்ணிய பாசிகளால் அந்தச் சிவப்பு. அவற்றை உண்டு வாழும் பூநாரைகள் அங்கே கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. மறுநாள் விடியற்காலையில் இன்னும் மேலே, ஏறத்தாழ 4,850 மீட்டர் உயரத்தில், பூமியின் உள்வெப்பத்தால் சேறு கொதித்து ஆவி சீறும் இடத்தைக் காணலாம். நம் கினபாலு மலையின் உச்சியே 4,095 மீட்டர்தான். உச்சிக்கும் மேலே வண்டியிலேயே போய் நிற்கிறோம்.

இங்கேதான் உடம்பு நம்மைச் சோதிக்கிறது. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைகிறது. கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில், உப்பு வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். வண்டியின் இயந்திரமும் காற்றுக் குறைவால் திணறுகிறது. தண்ணீர்கூட 100 பாகைக்குப் பதிலாக 88 பாகை அளவிலேயே கொதித்துவிடும். சூடு குறைவு என்பதால் சோறு வேக அதிக நேரம் பிடிக்கும்.

மனிதருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, மூச்சு வாங்குதல் ஆகியவை வரலாம். இளைஞர், பலசாலி என்ற வேற்றுமை இதற்கு இல்லை. சில நாட்கள் தங்கி மெல்ல மெல்ல ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். அவசரப்பட்டு ஏறினால், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும். நடை தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு முட்டினால், உடனே கீழே இறங்க வேண்டும். அதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

ஆனால் அது மேட்டுநிலம். நினைத்தவுடன் இறங்கிவிட முடியாது. பல மணி நேரம் ஓட்டினால்தான் தாழ்வான இடம் வரும். ஆகவே அங்கே ஒரு விதி உண்டு. தலைவலி வந்தால் மறைக்கக்கூடாது. "என்னால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடுமே" என்று ஒருவர் வாய்மூடி இருந்தால், நள்ளிரவில் ஏழு பேரும் தவிக்க நேரிடும். நம்மிலும் எத்தனை பேர், ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போகிறோம்! அம்மாவுக்குத் தொல்லை என்று வயிற்றுவலியை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. நோயை முதலிலேயே சொல்வது கோழைத்தனம் அன்று. கூட இருப்பவர்களுக்குச் செய்யும் உதவி.

மூன்றாம் நாள் எல்லையைக் கடந்து சிலி நாட்டுக்குள் இறங்கினால், ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே 2,000 மீட்டர் கீழே, சான் பெத்ரோ டி அத்தகாமா என்ற ஊருக்கு வந்துவிடுகிறோம். தலைவலி விடுகிறது, மூச்சு சீராகிறது.

பயணிகள் இறங்கிப் போய்விடுவார்கள். ஆனால் அந்த உப்பை நம்பி அங்கேயே வாழ்பவர்கள் உண்டு. அவர்களையும் பார்க்காமல் நாம் திரும்பலாகாது. கொல்சானி மக்கள் உப்பைச் சுரண்டிச் சிறு சிறு கூம்புகளாகக் குவிக்கிறார்கள். நீர் வடிந்ததும் லோரியில் ஏற்றி வந்து, நெருப்பில் காயவைத்து, அரைத்து, அயோடின் கலந்து, பைகளில் கட்டுகிறார்கள். அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியும் குன்றும். கடலுக்கு எட்டாத மலைநாடுகளில் அந்தக் குறை அதிகம். வெண்தரை வெயிலை முகத்தில் திருப்பி அடிப்பதால், அந்தத் தொழிலாளிகள் முகத்தை முழுதும் மூடிக் கறுப்புக் கண்ணாடி அணிந்துதான் வேலை செய்கிறார்கள். உழைப்போ கடுமை, வரும்படியோ சொற்பம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நடந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த உப்புக்கு அடியிலுள்ள நீரில் லித்தியம் என்ற உலோகம் கரைந்திருக்கிறது. கைத்தொலைபேசிக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய மின்கலங்கள் அதனால்தான் செய்யப்படுகின்றன. உலகின் மிகப் பெரிய லித்தியம் இருப்புகளுள் ஒன்று அங்கே உள்ளது. 2019இல், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் அரசு செய்த ஏற்பாட்டில் தங்கள் பகுதிக்குக் கிடைக்கும் பங்கு போதாது என்று பொத்தோசி மாநில மக்கள் போராடினார்கள்; அரசு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. மண்ணிலிருந்து எடுப்பதில் அந்த மண்ணில் வாழ்பவனுக்கு என்ன பங்கு என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை. ரப்பரும் செம்பனையும் விளைந்த மண்ணில் வளர்ந்த நமக்கும் அந்தக் கேள்வி புதிதன்று.

இன்றிரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து உலகப் படத்தில் பொலிவியாவைத் தேடிப் பாருங்கள். நாளை காலை ஒரு தட்டில் உப்புத் தண்ணீரை வெயிலில் வையுங்கள். மற்றதை அந்தத் தட்டே சொல்லிக்கொடுக்கும்.