புகையானும் வயல் சிலந்தியும்

நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி புகையான். தாக்குண்ட பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து சாயும். கண்டதும் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது பலரின் வழக்கம். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்தில் பல அவற்றை எட்டுவதில்லை. மாறாக, தூர்களுக்கிடையே ஓடித் திரியும் ஓநாய் சிலந்தியும், முட்டையைக் குத்தி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் மடிகின்றன. ஓர் ஓநாய் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகளைத் தின்னும். கூலி கேளாத இந்தக் காவலாள் போனபின், பொரிக்கும் குஞ்சுகளைத் தடுக்க ஆளில்லை. புகையான் முன்னிலும் பெருகும். செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் இதில் பெயர் பெற்றவை. இந்தோனேசியா பட்டறிந்து, 1986-ல் நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

ஆகவே குத்துகளை விலக்கி எண்ணிப் பார்ப்பது அவசியம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையேல் தூருக்கு ஒன்று கண்டாலே நடவடிக்கை தேவை. முதலில் நீரை வடித்துவிட வேண்டும். செலவில்லாத வைத்தியம் இது. ஆனாலும் செய்பவர் குறைவு. தழைச்சத்தை அளவுக்கு மேல் இடலாகாது. அதன்பின்னும் தேவையானால், 200 லிட்டர் நீருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டிய சாற்றை, அடித்தண்டு நனையும்படி தெளிக்கலாம். நடவின்போதே 8 அடிக்கு ஓரடி பட்டம் விட்டிருந்தால், உள்ளே இறங்கித் தெளிப்பது எளிது.