ரவுண்ட் ஹவுஸ், பிரீமாண்டில்

ரவுண்ட் ஹவுஸ் (வட்ட வீடு) என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் துறைமுக நகரான பிரீமாண்டிலில் உள்ள ஒரு பழைய சிறைச்சாலை ஆகும். ஆர்தர் ஹெட் எனப்படும் கடலோரச் சுண்ணாம்புக்கல் குன்றின் மீது அமைந்துள்ள இக்கட்டிடம் 1830 ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்டு 1831 ஜனவரியில் திறக்கப்பட்டது. சுவான் ஆற்றுக் குடியேற்றத்தில் நிலையாக இருக்கும்படி கட்டப்பட்ட முதற் கட்டிடம் இதுவே. மேற்கு ஆஸ்திரேலியாவில் எஞ்சியுள்ள பொதுக் கட்டிடங்களுள் மிகப் பழையதும் இதுவாகும். பெயர் வட்டத்தைக் குறித்தாலும் கட்டிடத்தின் உண்மையான வடிவம் பன்னிரு பக்கங்களைக் கொண்ட பல்கோணம் ஆகும்.

எட்டுச் சிறையறைகளும் ஒரு சிறைக் காவலர் குடியிருப்பும் மட்டுமே கொண்ட இச்சிறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிற்றூர்ச் சிறை எவ்வாறு திட்டமிடப்பட்டது, எத்தகைய எண்ணங்கள் அதன் வடிவத்தைத் தீர்மானித்தன, காலப்போக்கில் அதன் பயன்பாடு எவ்வாறு மாறியது என்பவற்றை அறிய உதவும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்புலம்

இன்று பிரீமாண்டில் இருக்கும் நிலப்பகுதி நூங்கார் மக்களின் ஒரு பிரிவினரான வாஜுக் மக்களின் தாயகம் ஆகும். அவர்கள் இவ்விடத்தை வால்யாலப் என அழைத்தனர். 1829 மே 2 ஆம் நாள் பிரித்தானியக் கடற்படைத் தளபதி சார்லஸ் பிரீமாண்டில் இப்பகுதியைப் பிரித்தானிய முடியின் உடைமையாக அறிவித்தார். அவரது பெயரே பின்னர் ஊருக்கு இடப்பட்டது. அடுத்த சில வாரங்களில் ஜேம்ஸ் ஸ்டெர்லிங் தலைமையில் பார்மீலியா என்னும் கப்பலில் முதற் குடியேறிகள் வந்து சேர்ந்தனர். ஸ்டெர்லிங் குடியேற்றத்தின் ஆளுநர் பொறுப்பை வகித்தார்.

நியூ சவுத் வேல்ஸ், வான் டீமன் நிலம் (இன்றைய டாஸ்மேனியா) ஆகிய குடியேற்றங்கள் தண்டனைக் கைதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. சுவான் ஆற்றுக் குடியேற்றமோ நிலம் பெறும் விருப்பத்துடன் வந்த சுதந்திரக் குடிகளுக்கானது என்றே அறிவிக்கப்பட்டது. கைதிகள் இல்லாத குடியேற்றம் என்பது இதன் பெருமையாகவும் கருதப்பட்டது. ஆயினும் இங்கு நிலையாகக் கட்டப்பட்ட முதற் கட்டிடம் ஒரு சிறையாக அமைந்தது.

இதற்குக் காரணங்கள் இருந்தன. நிலம் பெற்றவர்கள் தம்முடன் ஒப்பந்தப் பணியாளர்களை அழைத்து வந்திருந்தனர். எதிர்பார்த்த வளமான நிலம் பலருக்குக் கிடைக்காதபோது, ஒப்பந்தத்தை மீறிய பணியாளர்கள் குற்றவாளிகளாக நடத்தப்பட்டனர். துறைமுகத்தில் மாலுமிகளின் குடிபோதைச் சச்சரவுகளும் கப்பலை விட்டு ஓடுதலும் நிகழ்ந்தன. சிறு திருட்டுகளும் இருந்தன. இவர்களை அடைத்து வைக்க இடமில்லை. 1829 செப்டம்பரில் புயற்காற்றால் ஆர்தர் ஹெட் பகுதியில் கரை தட்டிய மார்க்விஸ் ஆஃப் ஆங்கிள்சி என்னும் கப்பலின் உடற்பகுதியே சிறிது காலம் சிறையாகப் பயன்படுத்தப்பட்டது. உடைந்த கப்பல் நெடுநாள் தாங்காது என்பதால் கரையில் ஒரு கட்டிடம் தேவைப்பட்டது.

வடிவமைப்பாளர்

கட்டிடத்தை வடிவமைத்தவர் குடியேற்றத்தின் பொறியியலாளரான ஹென்றி வில்லி ரெவ்லி ஆவார். இத்தாலியில் வளர்ந்து கல்வி கற்ற இவர், அங்கு வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் நண்பராக இருந்தார். ஷெல்லியின் பண உதவியுடன் ஒரு நீராவிப் படகைக் கட்டவும் முயன்றார், ஆனால் அது நிறைவேறவில்லை. பின்னர் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் பணியாற்றினார். அங்குள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயம் இவர் வடிவமைத்ததே. 1829 இல் பார்மீலியா கப்பல் கேப் டவுனில் தங்கிய போது ஸ்டெர்லிங் இவரைத் தமது குடியேற்றத்தின் பொறியியலாளராகச் சேர்த்துக் கொண்டார். பேர்த் நகரில் 1837 இல் திறக்கப்பட்ட பழைய நீதிமன்றக் கட்டிடமும் இவரது ஆக்கமாகும். 1838 இல் இவர் குடியேற்றத்தை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

ரெவ்லியின் தந்தை வில்லி ரெவ்லியும் கட்டிடக் கலைஞரே. ஆங்கில மெய்யியலாளர் ஜெரமி பெந்தம் முன்வைத்த 'பனொப்டிகன்' என்னும் சிறைத் திட்டத்துக்கு 1791 ஆம் ஆண்டளவில் வரைபடங்களைத் தயாரித்தவர் அவர்தான். தந்தை காகிதத்தில் வரைந்த வட்டச் சிறைக்கும், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மகன் கல்லில் எழுப்பிய பல்கோணச் சிறைக்கும் இடையே உள்ள தொடர்பு பலராலும் சுட்டிக்காட்டப்படுகிறது.

பனொப்டிகன் திட்டமும் ரவுண்ட் ஹவுசும்

பனொப்டிகன் என்பதற்கு 'அனைத்தையும் காணும் இடம்' எனப் பொருள் கொள்ளலாம். பெந்தமின் திட்டத்தில் சிறையறைகள் வட்டமான ஒரு கட்டிடத்தின் வெளிவிளிம்பில் பல தளங்களில் அமைந்திருக்கும். நடுவில் ஒரு கண்காணிப்புக் கோபுரம் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் வெளிப்புறச் சாளரத்தின் வழியாக ஒளி நுழைவதால், உள்ளே இருப்பவரின் அசைவுகள் கோபுரத்தில் இருப்பவருக்குத் தெரியும். கோபுரத்தில் இருப்பவரைக் கைதிகளால் காண இயலாது. தாம் எப்போது கவனிக்கப்படுகிறோம் என்பது தெரியாத காரணத்தால் கைதிகள் எப்போதும் ஒழுங்காக நடந்து கொள்வர் என்று பெந்தம் கருதினார்.

ரவுண்ட் ஹவுஸ் இத்திட்டத்தின் புறவடிவத்தையே கொண்டுள்ளது. அறைகள் வெளிவிளிம்பில் அமைந்து நடுமுற்றத்தை நோக்கித் திறக்கின்றன. ஆனால் பெந்தமின் திட்டத்துக்கு உயிர்நாடியான நடுக்கோபுரம் இங்கு இல்லை. முற்றத்தில் ஒரு கிணறு உண்டு. காவலரின் குடியிருப்பு நடுவில் அமையாமல் கைதிகளின் அறைகளைப் போலவே விளிம்பு வரிசையில் அமைந்துள்ளது. ஆகவே முற்றத்தில் இருப்பவர்களைக் கண்காணிக்க இவ்வடிவம் உதவிய போதிலும், ஒவ்வோர் அறையையும் இடைவிடாது ஒரே இடத்திலிருந்து கண்காணிப்பது என்னும் கொள்கை இதில் செயற்படவில்லை. இதனைப் பனொப்டிகன் சிறை என்பதை விட, பனொப்டிகனின் தாக்கம் பெற்ற ஒரு சிற்றூர்ச் சிறை என்பதே பொருத்தமாகும்.

பன்னிரு பக்க வடிவத்தின் இயல்புகள்

ஒழுங்கான பன்னிருகோணத்தின் மையத்தில் ஒவ்வொரு பக்கமும் 30 பாகைக் கோணத்தை ஏற்படுத்தும். அதன் ஒவ்வோர் உட்கோணமும் 150 பாகை ஆகும். இவ்வடிவத்தைச் சதுரத்துடனும் வட்டத்துடனும் ஒப்பிட்டால் அதன் நன்மைகள் விளங்கும்.

100 மீட்டர் நீளமுள்ள மதிலைக் கொண்டு ஓர் இடத்தைச் சூழ்வதாகக் கொள்வோம். மதில் சதுரமாக அமைந்தால் அது 625 சதுர மீட்டர் பரப்பைச் சூழும். வட்டமாக அமைந்தால் ஏறத்தாழ 796 சதுர மீட்டர் கிடைக்கும். ஒழுங்கான பன்னிருகோணத்தில் ஏறத்தாழ 777 சதுர மீட்டர் கிடைக்கும். அதாவது, வட்டம் தரும் பரப்பில் சுமார் 98 விழுக்காட்டைப் பன்னிருகோணம் தருகிறது. அதே வேளையில் அதன் சுவர்கள் அனைத்தும் நேரானவை. வளைந்த சுவருக்குக் கற்களை வளைவாகச் செதுக்க வேண்டும். நேர்ச் சுவருக்கு அது தேவையில்லை. கைதேர்ந்த கற்தச்சர்கள் எளிதில் கிடைக்காத புதுக் குடியேற்றத்தில் இது சிறிய நன்மை அன்று.

காவலைப் பொறுத்தவரையிலும் இவ்வடிவம் பயனுள்ளது. முற்றத்தின் நடுவே நிற்கும் ஒருவர், எல்லாக் கதவுகளுக்கும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பார். சதுர முற்றத்தில் உள்ளது போன்ற ஒடுங்கிய மூலைகளும் இல்லை. ஒரே ஒரு காவலர் பொறுப்பில் விடப்படும் சிறைக்கு இது ஏற்றது. இதற்கு ஒரு விலையும் உண்டு. இரு பக்கச் சுவர்களும் மையத்தை நோக்கிச் சாய்வதால் அறைகள் உட்புறம் குறுகி வெளிப்புறம் அகன்ற சரிவக வடிவைப் பெறுகின்றன. அத்துடன், பிற்காலத்தில் அறைகளைக் கூட்ட வேண்டுமானால், மூடிய பல்கோணத்தை நீட்டிக் கட்ட இயலாது. நீள்சதுரக் கட்டிடத்தின் முனையில் புதிய அறைகளைச் சேர்ப்பது போல் இங்கு சேர்க்க முடியாது. இக்குறைபாடு இருபது ஆண்டுகளுக்குள் வெளிப்பட்டது.

கட்டுமானம்

கட்டிடத்துக்கான சுண்ணாம்புக்கல் ஆர்தர் ஹெட் குன்றிலேயே வெட்டி எடுக்கப்பட்டது. இதனால் கற்களைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவு இல்லாமற் போனது. இக்கல் மென்மையானது என்பதால் எளிதில் வெட்டலாம். ஆனால் உப்புக் காற்றிலும் மழையிலும் மெல்ல அரிக்கப்படும். வேலை 1830 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடைபெற்று, சில மாதங்களிலேயே நிறைவுற்றது. குன்றின் உச்சியில் அமைந்ததால் கப்பல்களில் வருவோரின் கண்ணில் முதலில் படும் கட்டிடங்களுள் ஒன்றாகச் சிறை விளங்கியது. ஊரின் முதன்மைத் தெருவான ஹை ஸ்ட்ரீட்டின் மேற்கு முனையும் இக்குன்றிலேயே முடிகிறது.

1837 ஆம் ஆண்டில் பிரீமாண்டில் திமிங்கில வேட்டை நிறுவனம் சிறையின் அடியில் குன்றைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதையை அமைக்கத் தொடங்கியது. குன்றின் மேற்கே உள்ள பாதர்ஸ் கடற்கரையில் திமிங்கிலங்கள் கரை சேர்க்கப்பட்டு எண்ணெய் எடுக்கப்பட்டது. அங்கிருந்து பொருள்களை ஹை ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டு செல்லக் குன்று தடையாக இருந்ததே சுரங்கம் வெட்டப்பட்டதற்குக் காரணம் ஆகும்.

சிறைச் சீர்திருத்தமும் சிற்றூர்ச் சிறைகளும்

ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட் 1777 இல் வெளியிட்ட நூல், இங்கிலாந்துச் சிறைகளின் இழிநிலையை வெளிப்படுத்தியது. ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் ஒன்றாக அடைக்கப்பட்டதையும், காவலர்கள் கைதிகளிடமே கட்டணம் பெற்றதையும் அவர் கண்டித்தார். 1823 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சிறைச் சட்டம் காவலர்களுக்கு ஊதியம், கைதிகளை வகைப்படுத்திப் பிரித்து வைத்தல், பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்கள் ஆகியவற்றை வலியுறுத்தியது.

இத்தகைய விதிகள் பெரிய சிறைகளை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. எட்டு அறைகளுக்குள் விசாரணைக்குக் காத்திருப்போர், தண்டனை பெற்றோர், பெண்கள், சிறுவர் என அனைவரையும் தனித்தனியே வைப்பது நடைமுறையில் இயலாத ஒன்றாகும். குறுகிய காலத்துக்குச் சிலரை அடைத்து வைப்பதற்கே ரவுண்ட் ஹவுஸ் போதுமானதாக இருந்தது. கடுந்தண்டனை பெற்றவர்கள் வான் டீமன் நிலம் போன்ற இடங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

நூங்கார் மக்களும் சிறையும்

சிறை கட்டப்பட்டபோது அது குடியேறிகளின் குற்றங்களுக்காகவே கருதப்பட்டது. எனினும் குடியேற்றம் விரிந்து, வேட்டை நிலங்களும் நீர்நிலைகளும் வேலியிடப்பட்டபோது, அந்நிலங்களுக்கு உரியவர்களே கைதிகளாக அங்கு வரத் தொடங்கினர். தம் நிலத்தில் மேய்ந்த ஆட்டைக் கொல்வதும் மாவை எடுப்பதும் குடியேறிகளின் சட்டத்தில் திருட்டாகக் கொள்ளப்பட்டன. தமக்குத் தெரியாத மொழியில், தாம் ஏற்காத சட்டத்தின்படி அவர்கள் விசாரிக்கப்பட்டனர்.

1838 இல் முதல் நூங்கார் கைதிகள் பிரீமாண்டிலுக்கு எதிரே கடலில் உள்ள ராட்னெஸ்ட் தீவுக்கு அனுப்பப்பட்டனர். நூங்கார் மொழியில் இத்தீவின் பெயர் வாஜெமப். இதன் பின்னர், மேற்கு ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளிலிருந்தும் சங்கிலியால் பிணைத்துக் கொண்டுவரப்பட்ட பழங்குடியினர், தீவுக்குப் படகேறும் முன் அடைத்து வைக்கப்படும் இடமாக ரவுண்ட் ஹவுஸ் மாறியது. தீவுச் சிறையில் அடைக்கப்பட்ட பழங்குடி ஆண்கள், சிறுவர்கள் ஆகியோரின் தொகை 3,500 ஐத் தாண்டும். அவர்களுள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தனர். பலருக்குத் தாய்நிலத்தில் அவர்கள் கடைசியாகத் தங்கிய இடம் இப்பன்னிரு பக்கக் கட்டிடமே.

ஜான் கேவினின் தூக்குத்தண்டனை

இங்கிலாந்தின் பார்க்ஹர்ஸ்ட் சிறுவர் சிறையிலிருந்து 1842 முதல் 1849 வரை 234 சிறுவர்கள் தொழில் பழகுநர்கள் என்ற பெயரில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவனான ஜான் கேவின், தன்னைப் பணியில் வைத்திருந்த குடும்பத்தின் மகனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, 1844 ஏப்ரல் 6 ஆம் நாள் ரவுண்ட் ஹவுசுக்கு வெளியே தூக்கிலிடப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 15. மேற்கு ஆஸ்திரேலியாவில் தூக்கிலிடப்பட்ட முதல் ஐரோப்பியன் இவனே. 'கைதிகள் இல்லாத குடியேற்றம்' என்ற அறிவிப்பு நடைமுறையில் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது.

பிற்காலம்

தொழிலாளர் பற்றாக்குறையால் குடியேறிகள் தாமே தண்டனைக் கைதிகளைக் கேட்டுப் பெற்றனர். 1850 ஜூன் 1 ஆம் நாள் சிந்தியன் என்னும் கப்பலில் முதல் 75 கைதிகள் வந்தனர். 1868 வரை ஏறத்தாழ 9,700 பேர் அனுப்பப்பட்டனர். எட்டு அறைகள் இவர்களுக்குப் போதாது என்பது உடனே தெளிவாயிற்று. விரிவாக்க முடியாத கட்டிடம் என்பதால், ஊரின் மறுபக்கத்தில் பெரிய பிரீமாண்டில் சிறைச்சாலையைக் கைதிகளைக் கொண்டே 1850களில் கட்டினர். நீண்ட நேர்வரிசைகளில் பல தளங்களாக அமைந்த அச்சிறை 1991 வரை பயன்பாட்டில் இருந்தது. 2010 இல் ஆஸ்திரேலியக் கைதிகள் தளங்களுள் ஒன்றாக உலகப் பாரம்பரியக் களப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

ரவுண்ட் ஹவுஸ் உள்ளூர்க் கைதிகளுக்கும் பழங்குடிக் கைதிகளுக்கும் 1886 வரை சிறையாக நீடித்தது. பின்னர் 1900 வரை காவல்துறையின் தற்காலிகக் காப்பிடமாகவும், அதன் பின் காவல் தலைவரின் குடும்பம் வசிக்கும் வீடாகவும் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இதனை இடித்துவிடும் யோசனைகளும் எழுந்தன. ஆனால் அவை கைவிடப்பட்டன. 1982 இல் கட்டிடம் பிரீமாண்டில் நகரசபையிடம் ஒப்படைக்கப்பட்டது. பார்வையாளர்கள் இதன் முற்றத்துக்கும் அறைகளுக்கும் சென்று பார்க்கலாம். மேல்தளத்திலிருந்து கடல் தெரியும். வானம் தெளிவாக உள்ள நாள்களில் வாஜெமப் தீவையும் காண இயலும்.