கையால் வனைந்த கோப்பை

எங்கள் வீட்டு அலுமாரியிலே, கண்ணாடிக்குப் பின்னால், ஒரு மண் கிண்ணம் பதினோர் ஆண்டுகள் வாளா இருந்தது. எமது பாடசாலையிலே சிலகாலம் பணியாற்றிவிட்டுத் தம் நாடு திரும்பிய யப்பானிய ஆசிரியை ஒருவர் அன்பளிப்பாக வழங்கியது அது. அரிய பொருள் என்று கருதி, அதனைத் தொடவும் பிள்ளைகளை நான் விட்டதில்லை. சென்ற ஆண்டு அந்த அம்மையார் மீண்டும் இலங்கைக்கு வந்தபோது எங்கள் இல்லத்துக்கும் வருகை தந்தார். கிண்ணத்தைக் கையில் எடுத்து அதன் உட்புறத்தைச் சற்று நேரம் நோக்கினார். பின்னர், “இதிலே நீங்கள் ஒரு நாளேனும் தேநீர் அருந்தவில்லையே!” என்றார். எவ்வாறு அறிந்தீர்கள் என்று வினவினேன். “கிண்ணம் சொல்கிறது” என்பதே அவர் விடை.

அந்த விடையின் பொருளை உணர்ந்துகொள்ள, யப்பானியர் தேநீர்க் கிண்ணத்தைப் போற்றும் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

அவர்களது தேநீர்ச் சடங்கிலே, பச்சைத் தேயிலைத் தூளைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் வார்த்து, மூங்கிலாற் செய்த துடைப்பம் போன்ற கருவியினாற் கலக்குவர். அருந்துவதும் அதே கிண்ணத்திலேதான். கைப்பிடி கிடையாது, இரு கைகளாலும் ஏந்துதல் வேண்டும். ஆகவே கிண்ணத்தின் கனம், சூடு, விளிம்பின் மென்மை யாவும் கைக்கும் உதட்டுக்கும் நேரே தெரிந்துவிடும். குளிர்காலத்துக்கு, சூடு தங்கும் ஆழமான கிண்ணம். கோடைக்கு, விரைந்து ஆறும் அகன்ற கிண்ணம். அருந்தி முடிந்தபின், விருந்தினர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்வதும் சடங்கின் ஒரு பகுதியே.

இச்சடங்கை எளிமையின் வழியிலே செம்மைப்படுத்தியவர் சென் நோ ரிக்கியூ என்னும் பெரியார். 1522ஆம் ஆண்டு பிறந்து 1591இல் மறைந்தவர். அவர் காலத்துச் செல்வர் சீனத்து மெருகேறிய பாண்டங்களை விரும்பினர். ரிக்கியூவோ, கியோத்தோ நகரிலே வாழ்ந்த சோஜிரோ என்னும் கைவினைஞரைக் கொண்டு, சக்கரத்தில் ஏற்றாது கையாலேயே உருவாக்கிய கிண்ணங்களைச் செய்வித்தார். அவையே பின்னர் ராக்குக் கிண்ணங்கள் எனப் பெயர் பெற்றன. கறுப்பு ராக்குக் கிண்ணத்தைச் சூளையிலே தணலாக ஒளிரும்போதே இடுக்கியாற் பற்றி வெளியே எடுத்துக் குளிரவிடுவர். மண்ணிலே நுண்துளைகள் மிகுந்திருப்பதால் வெப்பம் மெதுவாகவே பரவும்; தேநீர் சூடாகவே இருக்க, ஏந்தும் கை சுடாது.

இவ்வழகின் பின்னால் ஒரு துயரமும் உண்டு. தொயோத்தோமி ஹிதெயோஷி என்னும் யப்பானியத் தலைவர் 1592இலும் 1597இலும் கொரியா மீது படையெடுத்தார். மீண்ட பிரபுக்கள் கொரியக் குயவர்களைச் சிறைபிடித்து வந்து தம் நிலங்களிலே குடியேற்றினர். சத்சுமா, அரித்தா, ஹாகி ஆகிய இடங்களின் புகழ்பெற்ற மட்பாண்டங்கள் இவர்களது கைகளிலிருந்து பிறந்தவையே. சத்சுமாவிலே குடியேற்றப்பட்ட ஒரு குடும்பம், நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், சிம் என்ற கொரியக் குடும்பப் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிப் பாண்டம் வனைந்துவருகின்றது. ஊரை இழந்தவர்க்குக் கைத்தொழிலும் பெயருமே எஞ்சும் என்பதை நம்மவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை.

கியோத்தோவின் தைத்தொக்குஜி ஆலய வளாகத்திலே, கோஹோவான் என்னும் துறவிமடத்தில், கிசாயெமோன் இடோ எனப்படும் கிண்ணம் ஒன்று பேணப்படுகின்றது. அது பதினாறாம் நூற்றாண்டிலே கொரியாவில் வனையப்பட்டது. கோணல் உண்டு, பூச்சு வழிந்து திரண்ட தடமும் உண்டு. இன்றோ அது யப்பானின் தேசியப் பொக்கிஷம்! 1931இல் அதனைக் கண்ட யானாகி சோயெத்சு என்னும் அறிஞர், ஏழைகள் நாளும் சோறுண்ட சாதாரணக் கிண்ணமே இது என்று கருதினார். புகழை நாடாமல், பயன்பாட்டுக்கென்றே செய்த பொருளில் அழகு தானே வந்தமையும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின் பேரில் 1936இல் ரோக்கியோவிலே நாட்டார் கைவினைக்கென ஓர் அரும்பொருட்சாலையையும் அவர் திறந்துவைத்தார்.

இனி, என் கிண்ணம் சொன்னது யாதெனக் கூறுகின்றேன். அது ஹாகி நகரத்துக் கிண்ணம். ஹாகி மண் கரடுமுரடானது. சூளையிலும் முற்றாக இறுகாதது. மேலே பூசிய பளிங்குப் பூச்சும் உள்ளிருக்கும் மண்ணும் குளிரும்போது ஒரே அளவிற் சுருங்குவதில்லை. அதனாற் பூச்சிலே வலைபோன்ற நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. நாள்தோறும் அருந்த அருந்த, தேநீர் அவ்வெடிப்புகளிற் கசிந்து ஊறி, வெண்மையை இளஞ்சிவப்பாகவும் தவிட்டு நிறமாகவும் மாற்றும். இதனை ஹாகியின் ஏழு மாற்றங்கள் என்று யப்பானியர் பாராட்டுவர். என் கிண்ணத்தின் கோடுகளோ பதினோர் ஆண்டுகளின் பின்னும் வெள்ளையாகவே இருந்தன. பேணிக் காத்தேன் என எண்ணிய நான், அது வளர்வதற்கே இடங்கொடாது வைத்திருந்தேன்!

இத்தகைய கோப்பைகளைச் சேர்க்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். முதலிற் கண்ணாற் பாராமற் கையால் ஏந்திப் பாருங்கள். கனம் அடியிலே அமைந்து, விளிம்பு உதட்டுக்கு இதமாயிருத்தல் வேண்டும். கவிழ்த்து அடிவளையத்தை நோக்குங்கள். பூச்சில்லாத அவ்விடத்திலே மண்ணின் இயல்பும் குயவன் விரலின் தடமும் தெரியும். சில பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். உணவுக்கு உகந்ததுதானா என்று கேட்டறிந்தே வாங்குங்கள். நுண்துளை மிகுந்த கோப்பையை முதன்முறை பாவிக்குமுன் இளஞ்சூட்டு நீரிலே ஊறவையுங்கள். சவர்க்காரம் வேண்டாம், நீர் போதும். நன்கு உலர்த்திய பின்பே அடுக்குங்கள். அன்றேல் மாரிகாலத்திற் பூஞ்சணம் பிடித்துவிடும். இரண்டு மூன்று கோப்பைகளே இருப்பினும், அவற்றை நாளும் பாவிப்பவரே உண்மையான சேகரிப்பாளர்.

உடைந்துவிடுமே என அஞ்சுவோர் உண்டு. உடைந்ததை உருஷி என்னும் மரப்பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மீது பொன் தூளைத் தூவிச் செப்பனிடும் கலையை யப்பானியர் கின்சுகி என்பர். பிளவை மறைக்காது பொன்னாற் காட்டுவதே அதன் சிறப்பு.

நேயர்களே, ரிக்கியூவின் தேநீர் மனைக்கு வாயில் மிகச் சிறியது. பிரபுவும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்தே உள்ளே புகவேண்டும். உள்ளே, செறிவான தேநீர் நிறைந்த ஒரே கிண்ணம் விருந்தினர் யாவரிடமும் செல்லும். ஒருவர் அருந்தி, விளிம்பைத் துடைத்து, மற்றவரிடம் கொடுப்பார். இதனைப் படித்தபோது யாழ்ப்பாணத்து மூக்குப்பேணி என் நினைவுக்கு வந்தது. உதடு படாமல் அருந்துவதற்கென்றே மூக்கு வைத்த அழகிய பாத்திரம் அது. அதே மண்ணில், தேநீர்க் கடைகளிலே, ஒருசாராருக்குச் சிரட்டையிலும் தகரப் பேணியிலும் தேநீர் வார்த்த காலமும் இருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும் சமகோப்பைக்காகப் போராடவேண்டியிருந்தது. ஒருவருக்கு எந்தப் பாத்திரத்தில் தேநீர் கொடுக்கின்றோம் என்பதிலே நம் உள்ளம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகின்றது.

இப்பொழுது அந்தக் கிண்ணம் அலுமாரியில் இல்லை. அதிகாலையிலே மலைநாட்டுத் தேயிலையின் வெறுந்தேநீரை அதில் வார்த்து, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு அருந்துகின்றேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவருக்கும் அதிலேயே கொடுக்கின்றோம். உட்புறத்துக் கோடுகள் மெல்ல மெல்லத் தவிட்டு நிறம் கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. அம்மையார் மறுமுறை வரும்போது கிண்ணம் வேறு கதை சொல்லும்.